கடற்கரைக் கோயில் படம் சரியாக வரவில்லையா? மறுபடி போவதற்குமுன் இதைப் பாருங்கள்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை எடுத்த படத்தை அங்கேயே கேமராவின் சின்னத் திரையில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கும்போதுதான் வயிறு எரியும். கோயில் கறுப்பாக நிற்கும், வானம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும், விமானம் பின்னால் சாய்ந்திருக்கும். எனக்கு முதல் இரண்டு தடவையும் அப்படித்தான் ஆனது. மூன்றாம் தடவை போவதற்குமுன் புது லென்ஸ் வாங்கலாமா என்று யோசித்தேன். நல்லவேளை வாங்கவில்லை. கோளாறு லென்ஸில் இல்லை. நான் நின்ற பக்கத்திலும் நான் போயிருந்த மாதத்திலும் இருந்தது.

கீழே ஒவ்வொரு கோளாறையும் படத்தில் தெரிகிற அறிகுறியை வைத்துப் பிரித்திருக்கிறேன். உங்கள் படத்தில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்து வருகிற இரண்டு பகுதிகளைத் தாண்டிவிடாதீர்கள். மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

முதல் வேலை: பழைய படத்தை விசாரிப்பது

வீணான படத்தை உடனே அழித்துவிடாதீர்கள். அது எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்தது என்று விவரங்களில் பாருங்கள். கைபேசிப் படம் என்றால் நேரம் சரியாக இருக்கும். கேமரா என்றால் சந்தேகப்படுங்கள். என் பழைய கேமராவின் கடிகாரம் இரண்டு வருடம் வேறு ஏதோ நாட்டின் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, நான் கவனிக்கவே இல்லை.

அடுத்தது நிழல். தரையில் மனிதர்களின் நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது, எவ்வளவு நீளம்? நிழல் உங்களை நோக்கி நீண்டிருந்தால் வெளிச்சம் கோயிலுக்குப் பின்னால் இருந்தது. காலடியிலேயே சுருண்டு கிடந்தால் உச்சி வேளை. பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு மேல் நீண்டிருந்தால் வெளிச்சம் நல்லதுதான், கோளாறு வேறெங்கோ இருக்கிறது. இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

கோயில் எப்படி நிற்கிறது என்பது மனதில் இருக்கட்டும்

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன் கட்டியது இது. ஐந்து ரதங்களைப் போல ஒரே பாறையைக் குடைந்ததல்ல, வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது. இரண்டு விமானங்கள் கிழக்கு மேற்காக ஒரே வரிசையில் நிற்கின்றன. நாம் கோபுரம் என்று சொன்னாலும் முறைப்படி அது விமானம்தான். பெரியது கடல் பக்கம், கிழக்கு பார்த்தது, சுமார் 60 அடி உயரம். சின்னது அதற்குப் பின்னால், மேற்கு பார்த்தது. இரண்டுக்கும் நடுவில் பள்ளிகொண்ட பெருமாள்.

ஆக, இரண்டு விமானங்களும் தனித்தனியாகத் தெரிய வேண்டுமென்றால் தெற்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ எடுக்க வேண்டும், அல்லது தென்மேற்கு, வடமேற்கு மூலைகளிலிருந்து. நேர் மேற்கில், அதாவது நுழைந்து நடந்து வருகிற வழியில் நின்றால் சின்னது பெரியதை மறைக்கும். ஆனால் பெரும்பாலோர் முதல் படத்தை அங்கே நின்றுதான் எடுக்கிறோம்.

சூரியன் கடலில் உதித்து ஊர்ப்பக்கம் மறைகிறது. இது வங்கக் கடல் என்பதை மறந்துவிட்டு, கோயிலோடு சேர்த்துக் கடலில் மறையும் சூரியனை எடுக்க வேண்டும் என்று மாலை வருகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அவர்களுக்கு வழிமுறை ஒன்றும் இல்லை, மேற்குக் கரைக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.

அறிகுறி: கோயில் கரிக்கட்டையாக விழுகிறது, வானம் மட்டும் வெளுத்திருக்கிறது

பொதுவான கோளாறு இதுதான், காரணமும் எளியது. காலையில் மேற்குப் பக்கம் நின்று கடலைப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள். சூரியன் கோயிலுக்குப் பின்னால். வானத்தின் ஒளிக்கும் நிழலில் கிடக்கிற கருங்கல்லுக்கும் உள்ள இடைவெளி ஒரே படத்தில் அடங்காது.

அங்கேயே நின்று உடனடியாகச் செய்யக்கூடியது: கைபேசியில் கோயில்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்து ஒளியைக் கொஞ்சம் ஏற்றுவது. கல் தெரியும், ஆனால் வானம் முழுக்கப் போய்விடும். எச்டிஆர் (வெவ்வேறு ஒளி அளவில் எடுத்து ஒரே படமாகச் சேர்ப்பது) போட்டால் இரண்டும் வரும், ஆனால் கல்லுக்கு ஒரு பிளாஸ்டிக் பளபளப்பு வந்துவிடும். 1,300 வருடம் உப்புக் காற்றில் தேய்ந்த கல் அப்படி இருக்காது. இன்னொரு வழி, தோல்வியையே வேலையாக்கிக்கொள்வது. உதயத்துக்கு 15 நிமிடம் முன்பு வானம் செம்மஞ்சளாக இருக்கும்போது கோயிலை முழுக் கறுப்பு வெட்டுருவமாக எடுங்கள். அடுக்கடுக்கான அந்த விமானத்தின் விளிம்பு அதற்கென்றே செய்தது போல இருக்கும்.

ஆனால் உண்மையான தீர்வு, மறுபடி போவதுதான். எப்போது, எந்தப் பக்கம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சூரியன் வருடம் முழுக்க நேர் கிழக்கில் உதிப்பதில்லை. உத்தராயணம், தட்சிணாயணம் என்று பஞ்சாங்கத்தில் படிப்பதைக் கடற்கரையில் கண்ணால் பார்க்கலாம். மாமல்லபுரத்தின் அட்சரேகையில், ஜூன் கடைசியில் உதயப் புள்ளி நேர் கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளியிருக்கும். டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே. மார்ச் 20, செப்டம்பர் 22 வாக்கில் மட்டும் நேர் கிழக்கு. மறைவும் அப்படியே, மேற்கில்.

இதைக் கோயிலுக்குப் பொருத்திப் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து, தெற்குச் சரிவிலேயே நகர்ந்து, தென்மேற்கில் இறங்குகிறது. கோயிலின் தெற்கு முகத்துக்கு நாள் முழுக்க வெளிச்சம், வடக்கு முகம் நாள் முழுக்க நிழல். வைகாசி, ஆனியில் இதற்கு நேர் எதிர். வடக்கு முகத்தில் காலையும் வெயில், மாலையும் வெயில். தெற்கு முகம் இருண்டு கிடக்கும்.

இதில் இன்னொரு பொருத்தம் உண்டு. வளாகம் வழக்கமாகக் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடப்படும். (கிளம்பும் முன் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள்.) ஜூன் தொடக்கத்தில் இங்கே உதயம் சுமார் 5.42. கதவு திறக்கும்போது சூரியன் ஏறி 18 நிமிடம் ஆகியிருக்கும். மாலையில் மறைவு 6.35-ஐ ஒட்டி, அதற்குள் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆக, கோடையில் நல்ல வெளிச்சம் இரண்டும் கதவுக்கு வெளியே நடக்கிறது. ஜனவரி நடுவில் உதயம் சுமார் 6.35. நிதானமாக உள்ளே போய் இடம் பிடிக்க அரை மணி நேரம் கிடைக்கும். நவம்பர், டிசம்பரில் மறைவு 5.40 முதல் 5.50-க்குள், அதுவும் கதவு மூடுவதற்குமுன்.

அப்படியென்றால் கோடையில் போகக் கூடாதா? போகலாம், ஆனால் உள்ளே வேண்டாம். கோயிலுக்கு வடக்கே இருக்கிற பொதுக் கடற்கரைக்குப் போங்கள். படகுகள் நிற்கிற அந்த மணலுக்குக் கதவும் கிடையாது, நேரமும் கிடையாது. அங்கிருந்து தெரிவது வடக்கு முகம். மே, ஜூன், ஜூலையில் உதய வெயில் விழுவதும் அதே வடக்கு முகத்தில்தான். இது பிடிபட்டபிறகு எனக்குக் குழப்பமே இல்லை: குளிர்காலத்தில் டிக்கெட் வாங்கித் தெற்குப் பக்கம், கோடையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வடக்குக் கடற்கரை.

முதல் இரண்டு தடவை நான் போனது டிசம்பர். நின்றது வடக்குக் கடற்கரை. எந்த மணிக்கு எடுத்திருந்தாலும் அந்தப் பக்கம் இருட்டாகத்தான் வந்திருக்கும்.

அறிகுறி: பொன் வெளிச்சம் என்று சொன்னார்களே, எனக்குக் கிடைக்கவே இல்லை

புகைப்படப் பாடங்களில் உதயத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் பொன்னான வெளிச்சம் என்று சொல்வார்கள். அது வடக்கே தள்ளியிருக்கிற குளிர் நாடுகளின் கணக்கு. அங்கே சூரியன் சாய்வாக, மெதுவாக ஏறும். நமக்குக் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறுகிறது. அடிவானத்திலிருந்து 6 டிகிரி உயர 25 நிமிடம் போதும். அதற்குமேல் மஞ்சள் குறைந்து வெண்மை ஏறத் தொடங்கிவிடும். உதயம் 6.35 என்றால் 7 மணிக்குமேல் நீங்கள் எடுப்பது சாதாரணக் காலை வெயில்.

நேரத்தைக் கையாலேயே அளக்கலாம். கையை முழுக்க நீட்டி, விரல்களை முட்டியாக மடக்கி, அதன் கீழ் விளிம்பைக் கடல் கோட்டில் வையுங்கள். முட்டியின் உயரம் சுமார் 10 டிகிரி. சூரியன் அதைத் தாண்ட 40 நிமிடம் ஆகும். பாதி முட்டி உயரத்துக்குள் முக்கியமான படங்களை முடித்துவிட வேண்டும்.

மாலையில் இன்னும் குறைவு. மேற்கே சவுக்கு மரங்களும் ஊரும் அதற்குப் பின்னால் கலங்கரை விளக்கம் நிற்கிற பாறைக் குன்றும் இருப்பதால், பஞ்சாங்க மறைவு நேரத்துக்கு முன்பே கோயிலின் அடிப்பாகத்தில் நிழல் ஏறிவிடும். மறைவுக்கு முக்கால் மணி நேரம் முன்பே நிற்கும் இடத்தை முடிவு செய்துவிடுங்கள்.

நேரம் சரி, இடமும் சரி, ஆனாலும் நிறம் வரவில்லை என்றால் ஒயிட் பேலன்ஸை, அதாவது கேமராவின் நிறத் திருத்தத்தைப் பாருங்கள். ஆட்டோவில் இருந்தால் கேமரா அந்த மஞ்சளைக் கோளாறு என்று நினைத்துத் திருத்திவிடும். வெயில் என்று குறியிட்ட அமைப்பில் வைத்துவிடுங்கள். ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலப் பதிவாக) எடுத்தால் இந்தக் கவலை இல்லை, வீட்டில் மாற்றிக்கொள்ளலாம்.

அறிகுறி: கல் வெளிறி, சிற்பம் எதுவும் தெரியாமல் தட்டையாக இருக்கிறது

நண்பகல் படம். ஏப்ரல் கடைசி வாரமும் ஆகஸ்ட் மூன்றாம் வாரமும் இங்கே சூரியன் நடுப்பகலில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே நிற்கும். சுவரில் வெளிச்சம் விழாது, மேலிருந்து வழியும். இந்தக் கோயிலின் வெளிச்சுவர்ச் சிற்பங்கள் ஏற்கெனவே உப்பிலும் மணலிலும் தேய்ந்து மழுங்கியவை. அவற்றுக்குப் பக்கத்திலிருந்து வருடுகிற வெளிச்சம் வேண்டும். டிசம்பர், ஜனவரி காலையில் தெற்குச் சுவரை வெயில் 24 டிகிரி சாய்வில் உரசிக்கொண்டு போகும்போது, நேற்று வெறும் கல்லாக இருந்த இடத்தில் சிங்கத்தின் பிடரியும் பூத கணங்களின் தொப்பையும் எழும்பி வரும். ஒரு தூணின் அடியில் பாய்ந்து நிற்கிற சிங்கத்தை 6.50-க்கு ஒன்று, 9.30-க்கு ஒன்று எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே கல் என்று நம்ப முடியாது.

டிசம்பரில் இன்னொரு சலுகை: நண்பகலிலும் சூரியன் 56 டிகிரிக்குமேல் ஏறாது. சென்னையிலிருந்து தாமதமாகக் கிளம்பி 10 மணிக்குத்தான் போய்ச் சேர முடியும் என்கிறவர்களுக்கு அந்த மாதம்தான் சரி. மே மாதம் 10 மணிக்குப் போவதற்கு இளநீர் குடித்துவிட்டு வீட்டிலேயே இருக்கலாம்.

அறிகுறி: படம் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி மங்கல்

மூன்று காரணம் இருக்கலாம். எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் ஐந்து பத்துப் படங்கள் மட்டும் மங்கல், அப்புறம் தானாகச் சரியாகிவிட்டதா? அப்படியென்றால் லென்ஸில் வியர்த்திருக்கிறது. ஏசி காரிலோ விடுதி அறையிலோ குளிர்ந்த கண்ணாடியைக் கடற்கரைக் காற்றில் சட்டென்று எடுத்தால், குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போல நீர் படியும். கோடையில்தான் இது அதிகம், காற்றில் ஈரம் அவ்வளவு இருக்கும். அந்த நேரத்தில் துடைத்துப் பயன் இல்லை, துடைக்கத் துடைக்க வரும். லென்ஸைக் கழற்றவும் கூடாது. கழற்றினால் உள்ளேயும் படியும். பையைத் திறக்காமல் காற்றில் வைத்து, தானாகச் சூடேற 20 நிமிடமாவது விடுங்கள். நான் ஈ.சி.ஆரில் திருவிடந்தை தாண்டியதும் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுவேன். மாமல்லபுரம் சேர்வதற்குள் கேமரா ஊர்க் காற்றுக்குப் பழகிவிடும். கூட வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள், விடுங்கள்.

நேரம் போகப்போக மங்கல் கூடிக்கொண்டே வந்ததா? அது உப்பு. அலைச்சாரல் காற்றில் வந்து கண்ணாடியில் காய்ந்து படலமாகிறது. சூரியனுக்கு எதிராக எடுக்கும்போது அந்தப் படலம் ஒளிர்ந்து படத்தையே வெளுக்கும். உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். உப்புத் துகளும் மணலும் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுபந்தால் ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். அப்புறம் உலர்ந்த துணி. லென்ஸுக்கு முன்னால் வெறும் கண்ணாடி ஃபில்டர் போடுவது வீண் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. கடற்கரையில் மட்டும் நான் போடுகிற கட்சி. கீறினால் ஃபில்டரோடு போகட்டும்.

மூன்றாவது, தூரம். கடற்கரையில் தள்ளி நின்று ஜூமில் இழுத்து எடுத்த படம் மட்டும் மங்கல், பக்கத்தில் எடுத்தது தெளிவு என்றால் அது கேமராவின் தவறில்லை. இடையில் இருக்கிற உப்புக் காற்றைத்தான் படமெடுத்திருக்கிறீர்கள். கிட்டே போவது ஒன்றே வழி. இல்லையென்றால், வடகிழக்குப் பருவமழை ஒருநாள் நன்றாகப் பெய்து ஓய்ந்த மறுநாள் காலை போங்கள். காற்று கழுவிவிட்டது போல இருக்கும், நனைந்த கருங்கல்லின் நிறமும் ஆழமாக இருக்கும். வானத்தின் வெளிறலையும் பளபளப்பையும் குறைக்கிற போலரைசர் ஃபில்டர் இருந்தால் சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் நன்றாக வேலை செய்யும். காலையில் கிழக்கே சூரியன் இருக்க, தெற்கிலிருந்து வடக்குப் பார்த்து எடுப்பது அதற்குத் தோதான திசை.

அறிகுறி: விமானம் பின்னால் சாய்ந்து விழுகிறது

கிட்டே நின்று கேமராவை அண்ணாந்து பிடித்ததால் வருவது. கேமரா தரைக்கு மட்டமாக இருந்தால் சாயாது. மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கக் கடற்கரையில் இலவசக் கருவி ஒன்று இருக்கிறது: கடல் கோடு. அது படத்தின் உயரத்தில் சரியாக நடுவில் இருந்தால் கேமரா மட்டம். கீழே இறங்கியிருந்தால் அண்ணாந்திருக்கிறீர்கள்.

மட்டமாகப் பிடித்தும் உச்சி அடங்க வேண்டுமே? கைபேசியின் சாதாரண லென்ஸில் நெட்டாகப் பிடித்தால் பெரிய விமானத்திலிருந்து சுமார் 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், படுக்கையாகப் பிடித்தால் 33 மீட்டர். பெரிய எட்டாக வைத்து நடந்தால் முப்பது நாற்பது எட்டு. கீழ்ப்பாதியில் தேவையில்லாத தரை நிறைய வரும், அதை வீட்டில் வெட்டிவிடலாம். கிழக்குப் பக்கம் கடலுக்கும் கோயிலுக்கும் நடுவே இடம் குறுகல்; அங்கே இந்தக் கணக்கு செல்லாது, சாய்வை ஏற்றுக்கொண்டு முழு விமானத்தை விட்டுவிட்டு வாசலையோ மதிலையோ எடுப்பது நல்லது. அகல லென்ஸில் எடுத்துவிட்டுச் செயலியில் நிமிர்த்தலாம் என்பார்கள். நிமிரும், ஆனால் விமானம் வெண்டைக்காய் மாதிரி நீண்டுவிடும்.

கடல் கோடே சாய்ந்திருக்கிறது என்றால் திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

அறிகுறி: விளிம்புகள் உதறியிருக்கின்றன

விடியலில் வெளிச்சம் குறைவு. தொல்லியல் துறையின் வளாகத்தில் முன் அனுமதி இல்லாமல் ட்ரைபாட் வைக்க விடமாட்டார்கள். வாசலில் வாதாடி நல்ல வெளிச்சத்தை இழப்பதைவிடக் கையிலேயே எடுக்கப் பழகலாம். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600 வரை தயங்காமல் ஏற்றுங்கள். ஷட்டர் வேகம் 1/60-க்குக் கீழே போக வேண்டாம். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு முடித்த நொடியில் அழுத்துங்கள். கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தாலும் பரவாயில்லை, உதறிய படத்தைக் காப்பாற்ற வழியே கிடையாது. சிற்பத்தின்மேலோ மதில் நந்திமேலோ சாய்ந்துகொள்வது மட்டும் வேண்டாம். அதுகள் பட்டது போதும்.

வடக்குக் கடற்கரையில் ட்ரைபாட் வைக்கலாம். அங்கே வேறு தொல்லை: அலை வந்து போகும்போது கால் அடியிலுள்ள மணல் அரித்து மெதுவாக இறங்கும், ஷட்டரை நீண்ட நேரம் திறந்து எடுக்கும்போது படம் உதறிப்போகும். கால்களை முதலிலேயே அழுத்திப் புதைத்து, ஒரு அலை வந்து போகட்டும் என்று விட்டு, அடுத்ததில் எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். நான் ஒரு தடவை விட்டுவிட்டேன், அடுத்த மாதம் பூட்டுகள் திறக்கவே இல்லை.

ட்ரோனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஒரு பக்கம், தெற்கே கொஞ்ச தூரத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம் இன்னொரு பக்கம்.

அறிகுறி: எந்தப் படத்திலும் ஆட்கள்

சனி, ஞாயிறு தவிர்த்தால் பாதி குறையும். காணும் பொங்கலன்று போகிறவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. ஏப்ரல் 18 உலக பாரம்பரிய நாள். அன்று வழக்கமாக அனுமதி இலவசம், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். மாசி மகத்தன்று வடக்குக் கடற்கரை முழுக்க இருளர் குடும்பங்கள் குடில் போட்டுத் தங்கி வழிபடுவார்கள். அது அவர்களுடைய நாள். கோயிலை ஆளில்லாமல் எடுக்கத் தேதி தேடுகிறவர் வேறு தேதி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சாதாரண நாளிலும், கதவு திறந்த முதல் 20 நிமிடம் உள்ளே வருகிறவர்கள் நேராகக் கடலைப் பார்க்கக் கிழக்கே போய்விடுவார்கள். தெற்குப் பக்கம் காலியாக இருக்கும். அப்புறம் அவர்கள் திரும்பி வருவார்கள். ஒருவர் இருவர் நிற்பதைக் கெடுதலாக நினைக்காதீர்கள். விமானம் எவ்வளவு உயரம் என்று சொல்ல ஒரு சேலைத் தலைப்பு போதும்.

அறிகுறி: சரியான நாள், சரியான பக்கம், ஆனால் சூரியனே வரவில்லை

குளிர்கால விடியலில் கடல்மேல் அடிவானத்தை ஒட்டி ஒரு மேகப் பட்டை கிடப்பது சாதாரணம். உதய நேரம் தாண்டியும் வெளிச்சம் வரவில்லை என்று பலர் கேமராவை மூடிவிட்டு டீக்கடைக்குப் போவார்கள். பட்டையின் மேல் விளிம்பு ஒளிர்கிறதா என்று பாருங்கள். ஒளிர்ந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சூரியன் அதற்குமேல் வந்துவிடும்; மஞ்சள் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் இன்னும் பக்கவாட்டில்தான் இருக்கும். வானம் ஒரே சாம்பலாக மூடியிருந்தால் முழுக் கோயிலை விட்டுவிடுங்கள். வடக்குப் பக்கத்தில் 1990-இல் தோண்டி வெளிப்பட்ட குட்டிக் கோயிலும் வராகமும் இருக்கின்றன. நெஞ்சில் குடைந்த மாடத்தில் துர்க்கையை வைத்திருக்கிற ஒற்றைக்கல் சிங்கம் இருக்கிறது. நிழலில்லாத மேக வெளிச்சம் அவற்றுக்கு ஒத்துவரும்.

அறிகுறி: போன தடவை எடுத்த அதே கோணம் கிடைக்கவில்லை

பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வெளிச்ச வித்தியாசத்தைக் காட்ட நினைக்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி. ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும், அதை நம்ப வேண்டாம். பழைய படத்தில் சின்ன விமானத்தின் உச்சி பெரிய விமானத்தின் எத்தனையாவது தளத்துக்கு நேராக நிற்கிறது என்று பாருங்கள். இடது வலதாக நகர்ந்தால் இரண்டுக்கும் இடையே தெரிகிற வானத்தின் அகலம் மாறும். முன் பின்னாக நகர்ந்தால் சின்னதன் உச்சி பெரியதன்மேல் ஏறி இறங்கும். அந்த இரண்டும் ஒத்துவந்தால் நீங்கள் நிற்பது பழைய இடம். அப்புறம் ஜூமைப் பழைய அளவுக்கு வைத்தால் போதும்.

கிளம்பும்போது பழைய படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துப் போங்கள். விடியல் இருட்டில் கைபேசித் திரையை மாறி மாறிப் பார்த்தால் கண் கூசி எதிரே இருப்பது தெரியாது. என்னுடைய காகிதத்தின் பின்பக்கம் பென்சிலில் நான்கு வரி இருக்கும்: தேதி, உதய நேரம், எந்தப் பக்கம், ஏசியை எங்கே அணைப்பது.